25 போய் 143 ஆன கதை

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். அல்சூர் மெட்ரோ நிலையத்தில் படியேறிக்கொண்டிருந்தேன். பீன்யாவிலிருந்து போன். கணக்குப் பார்க்கும் அக்கா.

"தம்பி, மறுபடியும் அதேதான். லேபிளும் வரலை, பில்லும் திறக்கலை. வெளியே லாரி நிக்குது."

அந்த 'மறுபடியும்'தான் சுட்டது. அது இரண்டாவது தடவை.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பாகங்கள் செய்யும் சின்ன பட்டறை அது. ஸ்டாக், பில், லேபிள் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகிறது. புராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்ட ஒரு பெட்டி, அதற்குள் உபுண்டு 22.04 லினக்ஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷின். நெட்வொர்க்கில் அதன் முகவரி, அதாவது ஐபி எண், 192.168.10.25. ஐந்து கணினி, இரண்டு லேபிள் பிரிண்டர், எடை மெஷின் பக்கத்தில் ஒரு பழைய பெட்டி, எல்லாமே இந்த எண்ணைத்தான் தேடிப் போகும். எண்ணுக்குப் பதில் பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். அந்தப் பழைய பெட்டிக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் புரியாது.

கடைசியில் இருக்கும் அந்த 25தான் காணாமல் போய், 143 ஆகிவிடும். 100 முதல் 200 வரை ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகள். அதாவது சர்வர் நான் சொன்னதை மறந்துவிட்டு, ரவுட்டரிடம் போய்க் கை நீட்டியிருக்கிறது.

முதல் தடவை நடந்ததற்கு முழுக்க நானே காரணம். சர்வரை ஏற்றிய அன்று, சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளையில் 25ஐச் சேர்த்தேன். எல்லாம் வேலை செய்தது. சாயங்காலம் கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்; சாயங்காலம் வேறு வேலை வந்தது. இந்தக் கட்டளை கெர்னலின், அதாவது இயங்குதள மையத்தின், நினைவில் மட்டும்தான் எழுதும். வட்டில் ஒரு கோப்பையும் தொடாது. சிலேட்டில் எழுதின மாதிரி. இரண்டு மாதம் கழித்து யாரோ சர்வரை ரீபூட் செய்ததும் சிலேட்டு துடைக்கப்பட்டுவிட்டது. அவமானம்தான், ஆனால் புரிந்த அவமானம்.

அதற்குப் பிறகு சரிசெய்தபோது ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்தேன். உபுண்டு சர்வரில் 17.10 பதிப்பிலிருந்து நெட்வொர்க் அமைப்பு நெட்பிளான் என்ற கருவியின் கையில்தான். '/ஈடிசி/நெட்பிளான்' அடைவில் '50-கிளவுட்-இனிட்.யாம்ல்' என்று ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதைத் திறந்தேன். தலைமாட்டில் # போட்டு சில வரி ஆங்கிலம். பிள்ளையார் சுழி மாதிரி எல்லாக் கோப்பிலும் இருப்பதுதானே என்று தாண்டிப் போனேன். 'டிஎச்சிபி4: ட்ரூ' (ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கு என்று அர்த்தம்) என்றிருந்ததை ஃபால்ஸ் ஆக்கி, முகவரி, கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (பெயரை எண்ணாக்கும் சர்வர்) எழுதி, 'நெட்பிளான் அப்ளை' கொடுத்தேன். முதல் தடவை பட்ட பாடு நினைவில் இருந்ததால் இரண்டு முறை ரீபூட் செய்தும் பார்த்தேன். 25 அசையவில்லை. பக்கத்து தர்ஷினி ஹோட்டலில் இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் இந்தத் திங்கட்கிழமை.

மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறி, பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்தில் இறங்கிப் போவதற்குள் லாரி டிரைவர் இரண்டு டீ குடித்து முடித்திருந்தார். முதலில் முதலுதவி: கன்சோலில், அதாவது சர்வரின் சொந்தத் திரையில், உட்கார்ந்து அதே சிலேட்டு முறையில் 25ஐச் சேர்த்தேன். இந்த முறை தெரிந்தே செய்தேன். லேபிள் வந்தது, லாரி போனது. வேலை நின்றுகொண்டிருக்கும்போது காரணம் தேடக் கூடாது. தேடினால் அவசரத்தில் நாலு இடத்தில் கை வைப்போம், அப்புறம் எது எதை மாற்றியது என்று நமக்கே தெரியாது.

பிறகு என் லேப்டாப்பை எடுத்து எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக 25க்குப் போனேன். திரை நிறைய எச்சரிக்கை. எதிர்முனையின் அடையாளச் சாவி மாறியிருக்கிறது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்ற அந்தப் பழைய பயமுறுத்தல். முகவரி குழம்பியிருக்கிறதே, அதனால்தான் என்று பழைய சாவியை அழித்துவிட்டு உள்ளே போனேன். யோசிக்கவே இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

உள்ளே போனதும் 'ஐபி அட்ரஸ் ஷோ'. இந்தக் கட்டளையின் வெளியீட்டில் எல்லோரும் முகவரியை மட்டும் பார்ப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான். அந்த வரியின் கடைசியையும் அதற்கு அடுத்த வரியையும் பாருங்கள். 143 இருந்த வரியின் முடிவுக்குச் சற்று முன் 'டைனமிக்' என்ற சொல். அடுத்த வரியில் 'வேலிட்_எல்எஃப்டி' என்று போட்டு 31418 நொடி. பத்து நொடி கழித்துத் திரும்ப அடித்தேன்: 31408. ஓடுகிற கடிகாரம் அது. ரவுட்டர் கொடுத்த குத்தகை தீர இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்கிறது. நான் கையால் சேர்த்த 25க்குக் கீழே நொடிக் கணக்கே இல்லை, 'ஃபாரெவர்' என்று இருந்தது. ஆக 143 தானாக முளைத்ததல்ல, யாரோ டிஎச்சிபியைக் கேட்டு வாங்கியது. கேட்கச் சொன்னது யார்?

நெட்பிளான் கோப்பைத் திறந்தேன். நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. 'டிஎச்சிபி4: ட்ரூ' என்று பிறந்த மேனிக்கு இருந்தது.

என் கை அங்கேயே கோப்பைத் திருத்தப் போனது. நிறுத்திக்கொண்டேன். திருத்தினால் கோப்பின் நேர முத்திரை போய்விடும். 'ஸ்டாட்' கட்டளையில் பார்த்தேன்: கோப்பு கடைசியாக மாறியது சனிக்கிழமை இரவு 11:52. அடுத்து 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் பூட் பட்டியல்: சர்வர் எழுந்தது சனிக்கிழமை இரவு 11:51. ஒரு நிமிட இடைவெளி. இது மனிதக் கை இல்லை. பூட் ஆகும்போதே எதுவோ எழுதியிருக்கிறது. வாட்ச்மேனிடம் கேட்டேன். "சனிக்கிழமை ராத்திரி கரெண்ட் ஹோய்து சார், ரொம்ப நேரம்" என்றார் பாதிக் கன்னடத்தில். யுபிஎஸ் தீர்ந்து புராக்ஸ்மாக்ஸ் பெட்டியே அணைந்து, கரண்ட் வந்ததும் எழுந்திருக்கிறது.

சரி, எழுதியது யார்? இப்போதுதான் அந்தப் பிள்ளையார் சுழியைப் படித்தேன். இந்தக் கோப்பு தானாக உருவாக்கப்பட்டது, இதில் செய்யும் மாற்றம் நிலைக்காது, நிலைக்க வேண்டுமானால் இன்ன அடைவில் இன்ன கோப்பைப் போடு என்று வெள்ளையாக எழுதியிருந்தது. எழுதுகிறவனின் பெயரோ கோப்பின் பெயரிலேயே இருக்கிறது: கிளவுட்-இனிட். அச்சிலிருந்து வார்த்த மெஷின் முதன்முதல் எழும்போது அதற்குப் பெயர், பயனர், கடவுச்சொல், நெட்வொர்க் எல்லாம் வைக்கிற நிரல். பெயர்சூட்டு விழா நடத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. பூட் ஆகும்போது எழுதுகிறது என்றால், அன்று நான் இரண்டு முறை ரீபூட் செய்தபோது ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சரிசெய்திருந்தால் மூன்றாவது போனும் வந்திருக்கும்.

'/வார்/லிப்/கிளவுட்/இன்ஸ்டன்சஸ்' அடைவைப் பார்த்தேன். உள்ளே நீளமான, வாயில் நுழையாத பெயரில் இரண்டு அடைவுகள். ஒன்றின் தேதி சர்வரை ஏற்றிய நாள். இன்னொன்று, சனிக்கிழமை இரவு. ஒரே மெஷினுக்கு இரண்டு பிறந்தநாள்.

கிளவுட்-இனிட் ஒவ்வொரு பூட்டிலும் ஓர் அடையாள எண்ணைப் பார்க்கும். ஏற்கெனவே பார்த்த எண் என்றால் பெரும்பாலான வேலைகளைத் தொடாமல் விட்டுவிடும். புது எண் என்றால் இது புதுக் குழந்தை என்று முடிவுகட்டி, பெயர்சூட்டு விழாவை முதலிலிருந்து நடத்தும். அந்த எண்ணைக் கொடுப்பது புராக்ஸ்மாக்ஸ். அதை எப்படி உருவாக்குகிறது? அந்த மெஷினுக்காக நாம் கொடுத்திருக்கும் பயனர் விவரம், நெட்வொர்க் விவரம் எல்லாவற்றையும் சேர்த்து ஷா-1 என்ற கணக்கு முறையில் பிழிந்து எடுக்கிறது. விவரத்தில் ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

அங்கே கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கூப்பிட்டேன். ஐடிஐ முடித்தவன், தும்கூர் பக்கம், தமிழும் பேசுவான்.

"இந்த சர்வர்ல ஏதாவது மாத்தினியா தம்பி?"

"இல்லண்ணா. பேரை மட்டும்தான் மாத்தினேன். 'உபுண்டு-காப்பி-2'ன்னு இருந்துச்சு, நல்லா இல்லை. 'மெயின்-சர்வர்'னு வெச்சேன். வியாழக்கிழமை."

அவன்மேல் தப்பே இல்லை. டப்பாவில் ஒட்டுகிற சீட்டு மாதிரிதானே தெரியும்! ஆனால் புராக்ஸ்மாக்ஸில் அந்தப் பெயர்தான் மெஷினின் ஹோஸ்ட்நேமாக, அதாவது மெஷின் தனக்கே வைத்துக்கொள்ளும் பெயராக, விவரத்துக்குள் போகிறது. பெயர் மாறியதும் பிழிவு மாறியது. வியாழக்கிழமையே ஒன்றும் நடக்காததற்குக் காரணம், மெஷின் முழுதாக நின்று எழுந்தால்தான் புது விவரம் உள்ளே போகும். நான் செய்த ரீபூட் உள்ளேயிருந்து, பெயர் மாறுவதற்கு முன்னால் செய்தது. சனிக்கிழமை கரண்ட் போய் எல்லாம் அணைந்து எழுந்தபோது புது எண், புதுக் குழந்தை, பழைய அச்சில் இருந்தபடி டிஎச்சிபி. 143.

எஸ்எஸ்எச் எச்சரிக்கையும் அப்போதுதான் உறைத்தது. பெயர்சூட்டு விழாவில் எஸ்எஸ்எச் சாவிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக வார்ப்பது கிளவுட்-இனிட்டின் வழக்கம். முகவரி மட்டும் குழம்பியிருந்தால் சாவி மாற வேண்டியதே இல்லை. "இந்த மெஷின் தன்னைப் புது மெஷின் என்று நினைக்கிறது" என்பதைத் திரை நிறையக் கொட்டை எழுத்தில் காலையிலேயே சொன்னது. நான்தான் ஒரு கட்டளையில் அழித்துத் தள்ளிவிட்டு இரண்டு மணி நேரம் தேடினேன்.

சரிசெய்ய மூன்று வழி இருந்தது. ஒன்று, அந்தக் கோப்பின் தலைப்பிலேயே சொன்னபடி '/ஈடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி.டி' அடைவில் 99 என்று தொடங்கும் ஒரு கோப்பைப் போட்டு, நெட்வொர்க் விஷயத்தில் தலையிடாதே என்று கிளவுட்-இனிட்டுக்குச் சொல்வது. இரண்டு, '/ஈடிசி/கிளவுட்/கிளவுட்-இனிட்.டிஸ்ஏபிள்ட்' என்று வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி அதை முழுக்க ஓய்வில் அனுப்புவது. மூன்று, புராக்ஸ்மாக்ஸ் திரையில் கிளவுட்-இனிட் பகுதியிலேயே 192.168.10.25/24 என்றும் கேட்வேயையும் எழுதி, எழுதுகிறவன் வாயாலேயே சரியான முகவரியை வரவழைப்பது.

என்னுடைய சொந்த சர்வர்களில் முதல் வழிதான். இங்கே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், அந்தப் பையன் பார்ப்பது புராக்ஸ்மாக்ஸ் திரையை மட்டும். திரையில் டிஎச்சிபி என்றும் உள்ளே வேறு எண் என்றும் இருந்தால், என்றோ ஒருநாள் இரண்டில் ஒன்றை நம்பி அவன் ஏமாறுவான். ரவுட்டரிலேயே இந்த மெஷினுக்கு 25ஐ ஒதுக்கிவிடலாம் என்று முதலாளி சொன்னார். தப்பான யோசனை இல்லை. ஆனால் அந்த ரவுட்டர் இணைய இணைப்புக்காரர் கொண்டுவந்து வைத்தது. பழுதானால் பெட்டியோடு மாற்றிவிட்டுப் போவார், ஒதுக்கீடும் கூடவே போகும். கூடவே, எஸ்எஸ்எச் சாவிகளை அழிக்காதே என்று 'எஸ்எஸ்எச்_டெலிட்கீஸ்: ஃபால்ஸ்' வரியையும் சேர்த்தேன்.

சோதிப்பதற்கு வெறும் ரீபூட் போதாது, அதைத்தான் போன தடவையே செய்து ஏமாந்தேனே. பையனையே உட்கார வைத்து, சர்வர் பெயரை வேண்டுமென்றே மாற்றச் சொன்னேன். முழுதாக நிறுத்தி எழுப்பச் சொன்னேன். 25 வந்தது. பெயரைத் திரும்ப மாற்றி, இன்னொரு முறை. 25. சாவியும் மாறவில்லை. அக்கா ஒரு லேபிள் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்கப்புறம் யாராவது "முகவரி திரும்பிப் போயிடுச்சு" என்றால் நான் முதலில் கேட்பது, எப்போது திரும்புகிறது? கோப்பு, கட்டளை எல்லாம் அப்புறம். நேரத்தைச் சொன்னால் பாதி ஆள் பிடிபட்டுவிடுவான்.

ஓசூரிலிருந்து ஒரு நண்பன் போன் செய்தான். முகவரியை மாற்றினால் சரியாக இரண்டு நிமிடத்தில் பழையது வந்துவிடுகிறதாம். மூன்று முறை செய்துவிட்டான், பேய் பிடித்த சர்வர் என்றான். 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தாயா என்றேன். ஆமாம் என்றான். அது 120 நொடி காத்திருக்கும். அதற்குள் என்டர் தட்டினால்தான் மாற்றம் நிலைக்கும், இல்லையென்றால் பழையபடி ஆக்கிவிடும். இவன் எஸ்எஸ்எச் வழியாக முகவரியை மாற்றுகிறான்; மாறிய நொடியே இவன் இணைப்பு அறுந்துவிடுகிறது; என்டர் தட்ட ஆளில்லை. வெளியூரிலிருந்து கை வைப்பவர்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது, இவனை மிரட்டிவிட்டது. கன்சோலுக்குப் போய்ச் செய் என்றேன்.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பழைய டெபியன் (உபுண்டு மாதிரி இன்னொரு லினக்ஸ்) மெஷினில் ஆறு மணி நேரத்துக்கொருமுறை முகவரி திரும்பியது. ரவுட்டரின் குத்தகை 12 மணி நேரம். டிஎச்சிபி வாடிக்கையாளன் குத்தகையில் பாதி ஓடியதும் புதுப்பிக்கப் போவான், விதி அப்படி. கோப்பில் நிலையான முகவரி எழுதியிருந்தார்கள், ஆனால் முன்னாலேயே ஓடத் தொடங்கிய, டிஎச்சிபி கேட்கும் 'டிஎச்கிளையண்ட்' நிரல் பின்னணியில் உயிரோடு இருந்தது. அதை நிறுத்தியதும் தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை.

அரை மணிக்கொருமுறை திரும்பினால் பப்பெட் மாதிரி மேலாண்மைக் கருவி இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன் இயல்பான இடைவெளி 30 நிமிடம். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் திரும்புகிறது என்றால் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் தன்னிடம் உள்ள பழைய விவரத்தைப் போடுகிறது. அதன் கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ரீலோட்' கொடுக்க மறந்துவிடுவார்கள், பிறகு அந்த இணைப்பை 'அப்' செய்யவும் வேண்டும். பெட்டியைத் திறந்து புது கார்டு ஏதாவது செருகிய பிறகு தொல்லை ஆரம்பித்தால், நெட்வொர்க் கார்டின் பெயரைப் பாருங்கள். ஸ்லாட் வரிசை நகர்ந்ததும் 'இஎன்பி3எஸ்0' என்பது 'இஎன்பி4எஸ்0' ஆகியிருக்கும். உங்கள் அமைப்பு பழைய பெயருக்குக் காத்திருக்கும். புதுப் பெயருக்கு 'வயர்ட் கனெக்ஷன் 1' என்று தானாக ஒன்று முளைத்து டிஎச்சிபி கேட்கும்.

நேரத்தில் ஒழுங்கே தெரியாவிட்டால் கோப்புக்குக் காவல் போடலாம். 'ஆடிட்சிடிஎல்' கொண்டு நெட்பிளான் அடைவைக் கண்காணிக்கச் சொன்னால், எழுதிய நிரலின் பெயரோடு பதிவு கிடைக்கும். கோப்பைத் திருத்த முடியாதபடி 'சேட்டர் +ஐ' போட்டுப் பூட்டுகிறவர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் டிஎன்எஸ் முகவரி இருக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பை அப்படிப் பூட்டியிருக்கிறேன். இப்போது செய்வதில்லை. எழுத வந்தவன் கதவில் முட்டிக்கொண்டு நிற்பான், நாமோ மறந்தே போவோம், ஒரு வருடம் கழித்து வருகிறவன் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருந்தும் ஏன் எழுத முடியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வான்.

இன்னொரு சின்ன பொறி. பழைய கோப்பைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நெட்பிளான் அடைவுக்குள்ளேயே '50-பழையது.யாம்ல்' என்று பெயர் மாற்றி வைக்காதீர்கள். யாம்ல் என்று முடிகிற எல்லாவற்றையும் அது வரிசையாகப் படித்துச் சேர்க்கும். முகவரிப் பட்டியல் இரண்டு கோப்பில் இருந்தால் இரண்டும் கார்டில் ஏறிவிடும். நகலை வேறெங்காவது வையுங்கள்.

பீன்யாவுக்கு அதன்பின் போனது ஒரு பிரிண்டர் விஷயமாக. போனவன் புராக்ஸ்மாக்ஸ் திரையையும் ஒரு பார்வை பார்த்தேன். குறிப்பு எழுதும் பெட்டியில் முகவரியையும் நடந்ததையும் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: அண்ணாவைக் கேட்காமல் பெயரை மாற்றக் கூடாது. இப்போது மாற்றினாலும் ஒன்றும் ஆகாது, அவனே உட்கார்ந்து சோதித்ததுதான். இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டுவிட்டேன்.